அமிலத்துக்கு முதல் மரியாதை

நொல்பெர்த்தோ கோன்டோரியின் இடது கண் போன அதே நிமிடத்தில், கரைசல் நெறிமுறை ஆணையத்தில் ஐம்பதாம் ஆண்டு விழா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது கொஞ்சம் மிகை. அமிலப் பிரிவுத் தலைவர் கத்தியைப் பிடித்திருந்தார். நீர்ப் பிரிவுத் தலைவர் அவருடைய கையைப் பிடித்திருந்தார். இருவரும் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் அப்படியே நின்றதில் கேக்கின் மேலிருந்த கிரீம் மேஜை விரிப்பு வழியாக இறங்கிப்போனது.

சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தாவில் பிறந்த யாருக்கும், யார் முதல் என்கிற இந்தத் தகராறு புதிதல்ல. ஆணையம் தொடங்கியபோது அமிலப் பிரிவு மட்டும்தான் இருந்தது. பாலைவனத்துத் தாமிரக் கல்லைக் கரைக்கக் கந்தக அமிலம் லாரி லாரியாக மேலே போகும். அதை மேற்பார்க்க ஒரு ஆபீஸ். ஒன்பது வருஷம் கழித்து நீர்ப் பிரிவு வந்தது. அதன் திறப்பு விழாவில், நீர்ப் பிரிவுத் தலைவர் அமிலப் பிரிவுத் தலைவருக்கு முன்னால் வாசலில் நுழைந்துவிட்டார். மூன்று மாதம் ஆபீசில் ஒரு காகிதம் நகரவில்லை. தலைநகர் சாந்தியாகோவிலிருந்து சமரசக் குழு வந்து, பதினோரு நாள் உட்கார்ந்து பேசி, பதினான்காம் விதியை எழுதிவைத்துவிட்டுப் போனது.

"அமிலம் மூத்தது, நீர் இளையது. வாசலிலும், விருந்திலும், புகைப்படத்திலும், பாத்திரத்திலும் அமிலமே முதலில் செல்லும்."

பாத்திரத்தை அந்த வரிசையில் சேர்த்தது யார் என்று தெரியாது. பேச்சு வேகத்தில் வந்திருக்கும். வந்ததை எடுக்க இன்னொரு குழு வரவேண்டும். அந்தக் குழுவில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பது முடிவாகாததால் குழு வரவே இல்லை.

ஆலைகளில் வேலை செய்தவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்கள் எப்போதும் போலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அமிலமும் தண்ணீரும் சேர்ந்தால் வெப்பம் பிறக்கும். தண்ணீர் நிறைய இருந்தால் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், பாத்திரம் சுடும், அவ்வளவுதான். மாற்றிச் செய்தால் கதை வேறு. அமிலம் கனமானது. அதன்மேல் ஊற்றிய கொஞ்சம் தண்ணீர் மேலேயே மிதக்கும், பிறந்த வெப்பம் முழுவதையும் அந்தக் கொஞ்சத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும், கண் மூடித் திறப்பதற்குள் கொதித்து வெடிக்கும். வெடிக்கும்போது அமிலத்தையும் சேர்த்து வாரி எறியும். எதிரில் முகம் இருந்தால் முகத்தில்.

ஆகவே ஆலைகளில் வேலை ஒரு மாதிரி நடந்தது, பதிவேடு வேறு மாதிரி எழுதப்பட்டது. "முதலில் அமிலம், பின்பு நீர்" என்று நாற்பது வருஷமாக எழுதினார்கள். ஆணையத்துக்கும் திருப்தி, முகங்களுக்கும் திருப்தி.

ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாட, ஆணையம் நேரடி ஆய்வு நடத்துவதாக அறிவித்தது. நொல்பெர்த்தோ வேலை பார்த்த ஆலையில் ஆய்வாளர் கையில் விதிப்புத்தகத்தோடு, ஆறடி தள்ளி நின்றார். நொல்பெர்த்தோ தண்ணீர்க் குடுவையைத் தொட்டான்.

"வரிசை, தம்பி" என்றார் ஆய்வாளர்.

"சார், இது சாதாரணமா நாங்க..."

"வரிசைன்னு சொன்னேன்."

நொல்பெர்த்தோ வரிசைப்படி செய்தான்.

*

அவனுடைய அக்கா எர்சிலியா மீன் துறைமுகத்தில் மீன் விற்பவள். அவள் வெட்டி எறியும் குடலுக்காகக் கடல் சிங்கங்கள் படிக்கட்டில் சண்டை போடும். அவற்றைக்கூட வரிசையில் நிறுத்திவிடுவாள் என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டாள்.

"இடது கண்ணுக்குச் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வலது கண் மங்கிட்டு வருது. ஜூலை முடியறதுக்குள்ள சாந்தியாகோ தொழிலாளர் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணினா அதைக் காப்பாத்தலாம்."

"பண்ணிடுவாங்களா?"

"பணி விபத்துன்னு பேப்பர் இருந்தா நாளைக்கே கூப்பிடுவாங்க. ஆனா..." டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஆணையத்தின் அறிக்கை. கடைசி வரியில் "சொந்தக் கவனக்குறைவு" என்று இருந்தது. "இது இருக்கிறவரைக்கும் அவங்க வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"ஒரு வார்த்தைதானே டாக்டர்?"

"ஒரு வார்த்தைதான் அம்மா."

அது ஜூன் மாதம் நான்காம் தேதி.

எர்சிலியா ஆணையத்துக்குப் போனாள். இரண்டு வாசல் இருந்தது. பெரிய வாசல் அமிலப் பிரிவுக்கு. சின்ன வாசல் மற்றவர்களுக்கு. காவலாளி அவளைப் பார்த்துக் கேட்டான்: "நீங்க அமிலமா, தண்ணியா?"

"நான் மீன்."

அவன் கொஞ்சம் யோசித்து, "மீன்னா உப்புப் பிரிவு" என்று மூன்றாவது மாடிக்கு அனுப்பினான்.

உப்புப் பிரிவில் ஒரு குமாஸ்தா கண்ணாடிக் குவளையில் நவச்சாரத்தைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். சில உப்புகள் கரையும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். நவச்சாரம் அந்த ரகம். குவளையின் வெளியே பனித்துளி கோத்து நின்றது. அதற்குள் ஒரு பப்பாளி சோடா பாட்டிலை இறக்கி வைத்திருந்தார் குமாஸ்தா.

"சில்லுன்னு இருக்கும். வேணுமா?"

"வேண்டாங்க. என் தம்பி விஷயம். அமிலத்துல தண்ணி ஊத்தினான், சூடு வந்து தெறிச்சிருச்சு. நீங்க கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க."

குமாஸ்தா பதிவேட்டைப் பிரித்தார். அதில் "கரைசலில் வெப்பம்" என்று ஒரு பத்தி. ஐம்பது வருஷத்துக்கும் ஒரே எழுத்து: இல்லை, இல்லை, இல்லை, இல்லை.

"இங்க பாருங்க. ஆணையம் நல்லியல்புக் கரைசலை மட்டும்தான் அங்கீகரிச்சிருக்கு. நல்லியல்புக் கரைசல்னா கலக்கறப்போ சூடும் வராது, குளிர்ச்சியும் வராது. அப்படி வந்தா அது கரைசலோட ஒழுக்கக் கேடு. முன் அனுமதி வாங்கணும்."

"யாரு வாங்கணும்?"

"கரைசல்தான்."

எர்சிலியா குவளையைத் தொட்டாள். விரல் விறைத்தது.

"இது என்னங்க, ஐஸ் மாதிரி இருக்கு?"

குமாஸ்தா சோடாவை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "இது ஆபீஸ் நேரத்துக்கு வெளியே" என்றார். மணி பதினொன்று.

இப்படி அவள் ஒன்பது நாள் அலைந்தாள். வெப்பத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். தீயணைப்பு நிலையத்தில், நெருப்பு இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், நெருப்பு இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழை ஆணையம் பறித்து, வெப்பம் இல்லை என்பதற்குச் சாட்சியாகக் கோப்பில் சேர்த்துக்கொண்டது. நீர்ப் பிரிவுத் தலைவர் தோன் பெனிக்னோ அஸ்தோர்கா மட்டும் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கண்ணில் நீர் கட்டியது அவருக்கு.

"எனக்குப் புரியுது சென்யோரா. நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான். நாப்பது வருஷமா ரெண்டாவதா ஊத்தறோம்."

"என் தம்பி கண்ணு போச்சுங்க."

"ஆமா. அதுவும் இருக்கு" என்றார் அஸ்தோர்கா.

*

பத்தாம் நாள் அவளைத் தலைவர் அறைக்குள் விட்டார்கள். தோன் எவரிஸ்டோ உர்ரெஹோலா. அமிலப் பிரிவின் தலைவர். மூப்பின்படி ஆணையத்துக்கும் அவரே தலைவர். மெழுகு தடவிய மீசை. பின்னால் சுவர் முழுக்க அவர் ஏதேதோ பாத்திரங்களில் எதையோ ஊற்றுகிற புகைப்படங்கள். எல்லாப் பாத்திரமும் காலி என்பதைக் கிட்டப்போனால்தான் பார்க்க முடியும்.

"மகளே, உட்கார். வருத்தம் எங்களுக்கும் இருக்கிறது. உன் தம்பி நல்ல பையன். ஆனால் தயங்கினான். ஆய்வாளர் எழுதியிருக்கிறார், 'குடுவையைப் பிடித்த கை நடுங்கியது' என்று. அமிலம் மூத்தது. மூத்தவர்களுக்கு முன்னால் கை நடுங்கினால் அவர்களுக்குக் கோபம் வரும்."

"அமிலத்துக்கு ஏதுங்க கோபம்? சூடு வந்துச்சு. தண்ணி கொதிச்சுச்சு. ஆலையில அத்தனை பேரும் சொல்றாங்க, தண்ணியிலதான் அமிலத்தை விடணும்னு."

உர்ரெஹோலா பொறுமையாகச் சிரித்தார்.

"ஆலையில் இருப்பவர்கள் அனுபவத்தை வைத்துப் பேசுகிறார்கள். அனுபவம் தனிமனிதருடையது. விதி எல்லோருடையது. இயற்கை பல காரியங்களை விதி தெரியாமல் செய்கிறது, மகளே. அதைத் திருத்தத்தான் இந்த ஆணையம். இன்று ஒரு கண்ணுக்காக வரிசையை மாற்றினால், நாளைக்கு நீர்ப் பிரிவு என் வாசல் வழியாக நுழையும். அதற்கு அப்புறம் நாடு எங்கே போய் நிற்கும்?"

"அப்போ எந்த வரிசையில ஊத்தினாலும் ஒண்ணுதான்னு சொல்றீங்க?"

"கரைசலுக்கு ஒன்றுதான். ஒழுங்குக்குத்தான் வித்தியாசம்."

"நீங்களே ஊத்துவீங்களா?"

"எத்தனையோ முறை ஊற்றியிருக்கிறேன்" என்று கையால் சுவரைக் காட்டினார்.

எர்சிலியா எழுந்தாள். கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை என்பதை அவளே கவனித்தாள். வந்தது வேறொன்று. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

*

நொல்பெர்த்தோ கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் பாதி துணிக்கட்டு. வலது கண்ணுக்கு அக்கா ஒரு நிழலாகத் தெரிந்தாள். அந்த நிழலும் நாளுக்கு நாள் ஓரம் கரைந்துகொண்டு வந்தது.

"விதிப்புத்தகம் வாங்கிட்டு வந்திருக்கேன். நான் படிக்கிறேன், நீ கேளு" என்றாள்.

மூன்று மத்தியானம் படித்தாள். அமிலத்தை வரவேற்கும் முறை. அமிலத்துக்கு மலர்வளையம் வைக்கும் முறை. உப்புகள் வரிசையில் நிற்கும்போது சமையல் உப்புக்கு இடம் எங்கே. நொல்பெர்த்தோ ஒருமுறை சிரித்துவிட்டு, கன்னத்துத் தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டான்.

முப்பத்தொன்றாம் விதி வந்தது.

"மேல்முறையீட்டில், சர்ச்சைக்குரிய செயலை மறுபடி செய்துகாட்டக் கோரலாம். அப்படிச் செய்துகாட்டும் கௌரவம் ஆணையத்தின் மூத்த அதிகாரிக்கு மட்டுமே உரியது. புகைப்படத்தின் பொருட்டு அவர் முகத்தை எவ்வகைக் கண்ணாடியாலும் உறையாலும் மறைக்கக் கூடாது. பொருள்களை முறையீட்டாளரே கொண்டுவர வேண்டும்."

எர்சிலியா அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துவைத்தாள்.

"இன்னொரு தடவை படி, அக்கா" என்றான் நொல்பெர்த்தோ.

படித்தாள்.

அன்று சாயங்காலம் அவனோடு வேலை செய்த ரிகோபெர்த்தோ வந்தான். சோற்றுப் பாத்திரம் மாதிரித் துணியில் சுற்றி ஒரு கேனை மேஜைக்கடியில் வைத்தான்.

"தொண்ணூத்தெட்டு சதவீதம். ஆலையில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் யாரும் பார்க்கல. மூடியைத் திறக்கிறப்போ ஜாக்கிரதை எர்சிலியா."

"அந்தத் தலைவன் மூஞ்சியில எவ்வளவு தூரம் தெறிக்கும்?"

ரிகோபெர்த்தோ நொல்பெர்த்தோவைப் பார்த்தான். "இவன் கொஞ்சம் குனிஞ்சிருந்தான். அந்தாளு தொப்பையோட நிமிர்ந்து நிப்பான். மீசை வரைக்கும் உத்தரவாதம்."

"மீசைக்கு மேல?"

"அது வேகமா ஊத்தினா."

அந்தக் கேன் ஐந்து நாள் மேஜைக்கடியில் இருந்தது. எர்சிலியா அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள், மீன் கத்தியைத் தீட்டினாள்.

*

மேல்முறையீடு ஜூலை ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி. சட்டப்படி வெளியிலிருந்து ஒரு நீதிபதி உட்காரவேண்டும். தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து தோன்யா ஒத்திலியா ரெய்னோசோ வந்திருந்தார். குள்ளமான அம்மாள். ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே எல்லாவற்றையும் பார்த்தார்.

வாசலில் முத்திரைக் குமாஸ்தா எர்சிலியாவின் மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. நிறமில்லாத திரவம். சாய்த்தால் எண்ணெய் போலச் சோம்பேறித்தனமாக நகர்ந்தது. குமாஸ்தா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"லேபிள் இல்லையே?"

"எனக்கு எழுதத் தெரியாதுங்க உங்க முறையில."

"மறுசெய்கைக்கான பொருளா?"

"இதுக்குன்னே கொண்டுவந்தேன்."

குமாஸ்தா அளவுகோலை வைத்து எழுத்தின் உயரம் சரிபார்த்து லேபிள் எழுதினார். "கந்தக அமிலம். 98 சதவீதம். ஆணையத்தால் சோதிக்கப்பட்டது." மூன்று முத்திரை குத்தினார். ஜாடியின் மூடியைத் திறக்கச் சொல்லி விதியில் இல்லை, ஆகவே திறக்கவில்லை.

கூடத்தில் கூட்டம். பின்வரிசையில் மீன் துறைமுகத்துப் பெண்கள் இருபது பேர், வாசனையோடு. முன்வரிசையில் ரிகோபெர்த்தோவின் தோளைப் பிடித்தபடி நொல்பெர்த்தோ. நடுவில் மேஜை, மேல் கண்ணாடித் தொட்டி, ஜாடி, தண்ணீர்க் குடுவை. புகைப்படக்காரர் ஏற்கெனவே ஒரு கண்ணை மூடித் தயாராக இருந்தார்.

உர்ரெஹோலா மார்பில் பட்டை போட்டு வந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, விஷயம் எளிது. கரைசலில் வெப்பம் பிறப்பதில்லை என்பது ஐம்பது வருஷப் பதிவு. முறையீட்டாளர் துக்கத்தில் இருக்கிறார். ஆணையம் மன்னிக்கிறது. மறுசெய்கையை அடையாளமாக, காலிப் பாத்திரங்களோடு செய்துவிடலாம்."

"விதியில காலிப் பாத்திரம்னு எங்க இருக்கு?" என்றாள் எர்சிலியா.

நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். மூக்கைத் துடைத்தார். "இல்லை. பொருள் கொண்டுவரணும்னு இருக்கு. கொண்டுவந்திருக்காங்க. உங்க முத்திரையே இருக்கு. ஆரம்பிங்க தோன் எவரிஸ்டோ."

முதலில் அமிலம். உர்ரெஹோலா ஜாடியை இரண்டு கையாலும் தூக்கித் தொட்டியில் சாய்த்தார். கனமான திரவம் சத்தமில்லாமல் இறங்கியது. கைதட்டல். படம் எடுத்தார்கள்.

அடுத்து நீர்.

உர்ரெஹோலா குடுவையைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். முகம் திடீரென்று மலர்ந்தது.

"கனம் நீதிபதி அவர்களே! இது ஒரு சரித்திர நாள். நாற்பது ஆண்டுகளாக நீர்ப் பிரிவு ஒரு மரியாதைக்காக ஏங்கியது. இன்று நானே முன்வந்து, இந்தக் கௌரவத்தை என் அருமைச் சகோதரர் பெனிக்னோ அஸ்தோர்காவுக்கு..."

அஸ்தோர்கா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயோ, வேண்டாங்க தலைவரே! மூப்புன்னா மூப்புதான். நாங்க இளையவங்க. எங்க இடம் எங்களுக்குத் தெரியும்."

"பெனிக்னோ, நீங்கள்தானே வாசல் வேண்டும் என்று..."

"வாசல் வேற, இது வேற!"

"உப்புப் பிரிவு?"

உப்புப் பிரிவுத் தலைவர் எழுந்து, தனக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை என்றார். அளவுப் பிரிவுத் தலைவர் தன்னுடைய மனைவிக்கு வயிறு சரியில்லை என்றார். முத்திரைக் குமாஸ்தாவைத் தேடினார்கள். அவர் மேஜைக்கு அடியில் கீழே விழுந்த முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார். வெகு நேரம் தேடினார்.

"விதியில மூத்த அதிகாரி மட்டும்னு இருக்கு" என்றார் நீதிபதி.

உர்ரெஹோலா குடுவையைத் தூக்கினார். முழங்கையை நீட்டினார். அப்படியே உடம்பை ஒருக்களித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சார், இப்படித் திரும்புங்க, முகம் வரல" என்றார் புகைப்படக்காரர்.

"கண்ணாடி... ஒரு கண்ணாடி கொடுங்கள்."

"முகத்தை மறைக்கக் கூடாதுங்க, விதி" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மீன்காரி கத்தினாள்.

குடுவையின் வாயில் தண்ணீர் வந்து நின்றது. கை நடுங்கியது. தொட்டி விளிம்பில் குடுவை மோதி டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

எர்சிலியா மேஜைக்குக் கிட்டே போனாள். குரல் உயர்த்தவில்லை.

"தயங்காதீங்க தோன் எவரிஸ்டோ. கை நடுங்கினா மூத்தவங்களுக்குக் கோபம் வரும். சட்டுனு ஊத்துங்க. கொஞ்சம் குனிஞ்சு ஊத்துங்க. என் தம்பி குனிஞ்சுதான் ஊத்தினான்."

"முடியாது."

"என்னங்க?"

"முடியாது என்கிறேன்! பொங்கும்!" உர்ரெஹோலா குடுவையைத் தரையில் போட்டுவிட்டார். கண்ணாடி சிதறியது. "மேலே கொதித்து முகத்தில் அடிக்கும்! யாராவது அமிலத்தில் தண்ணீர் ஊற்றுவானா? எந்த முட்டாள் ஊற்றுவான்?"

மூலையில் வாக்குமூலத்தை டைப் அடிக்கிற பெண் அதையும் விடாமல் தட்டினாள்.

நீதிபதி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அன்று முதல் தடவையாக.

"பொங்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்குத்தான் தெரியாது? பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்! என் மகனுக்கு நானே சொல்லியிருக்கிறேன், தண்ணீரில்தான் அமிலத்தை விடவேண்டும், மெதுவாக, கண்ணாடி போட்டுக்கொண்டு..."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. மீசையின் ஒரு நுனி கீழே தொங்கியது.

"உங்க மகனுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றார் நீதிபதி.

முன்வரிசையில் நொல்பெர்த்தோ எழுந்து நின்றான். சத்தம் வந்த திசையைப் பார்த்து, கொஞ்சம் தப்பாக, ஜன்னலை நோக்கிப் பேசினான்.

"எனக்கு மட்டும் ஏன் சார் சொல்லல?"

உர்ரெஹோலா தொங்கிய மீசை நுனியை மறுபடி முறுக்கிவிடப் பார்த்தார்.

அப்போதுதான் எர்சிலியா அதைச் செய்தாள். கையைத் தொட்டிக்குள் விட்டாள். மணிக்கட்டு வரை.

கூடம் அலறியது. அஸ்தோர்கா நாற்காலிமேல் ஏறிவிட்டார். ரிகோபெர்த்தோ "எர்சிலியா!" என்று பாய்ந்தான். அவள் கையை நிதானமாக வெளியே எடுத்தாள். விரல்களிலிருந்து திரவம் நூலாக ஒழுகியது. ஆள்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பினாள்.

"சர்க்கரைப் பாகு. நேத்து ரெண்டு கிலோ காய்ச்சினேன். பிஸ்கோ சாராயத்துல எலுமிச்சம்பழத்தோட கலந்தா நல்லா இருக்கும். நீதிபதி அம்மா கொஞ்சம் பாக்கறீங்களா?"

நீதிபதி எழுந்து வந்தார். சுண்டு விரலால் தொட்டு ருசித்தார். பிறகு ஜாடியைத் திருப்பி லேபிளைப் படித்தார். சத்தமாக, மூன்று முத்திரையையும் சேர்த்து.

"சோதிச்சது யாரு?"

மேஜைக்கடியில் முத்திரை இன்னும் கிடைக்கவில்லை.

தீர்ப்பு எழுத ஏழு நிமிடம் ஆனது. "சொந்தக் கவனக்குறைவு" அடிக்கப்பட்டது. "பணி விபத்து" எழுதப்பட்டது. அடியில் நீதிபதி தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: ஆபத்து தெரிந்தே ஆணை பிறப்பித்தவர்கள் மீது குற்ற வழக்கு, சாட்சியம், தலைவரின் சொந்த வாய்மொழி. அதில் உர்ரெஹோலா கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும் என்று அஸ்தோர்கா விட்டுக்கொடுத்தார்.

பின்வரிசைப் பெண்கள் கலையவில்லை. உர்ரெஹோலா வெளியே போக இரண்டு வாசலிலும் பத்துப் பத்துப் பேராக நின்றுகொண்டார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. ஒவ்வொருத்தியாக ஒரு விரலைச் சப்பிக் காட்டினாள், அவ்வளவுதான்.

*

மறுநாள் சாந்தியாகோ பஸ் பதினோரு மணிக்கு. நிலையத்தில் அக்காவும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஆஸ்பத்திரிக் காகிதம். எர்சிலியா பூரணம் வைத்துச் சுட்ட எம்பனாடாவைப் பிட்டு அவன் கையில் வைத்தாள்.

"ரிகோபெர்த்தோ கோபமா இருக்கான்" என்றான் நொல்பெர்த்தோ. "நேத்து சாயங்காலம் கேனைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்துட்டியாம். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எடுத்துட்டு வந்தேன்னு புலம்பறான்."

"புலம்பட்டும்."

"அஞ்சு நாள் மேஜைக்கடியில வெச்சிருந்தியேக்கா. நான் நிஜமாவே அதைத்தான் கொண்டுபோறேன்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் மென்றான். "பாவம்னு தோணுச்சா?"

எர்சிலியா அவனுடைய தாடையில் ஒட்டியிருந்த துணுக்கைத் துடைத்துவிட்டாள்.

"பாவமா? அமிலம் பட்டிருந்தா அவனுக்கும் ஒரு கட்டில், ஒரு கட்டு. பக்கத்துல பொண்டாட்டி உக்காந்து அழுவா. ஊரே பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கும். பத்திரிகையில தியாகின்னு போடுவான். நீதிபதியும் இரக்கப்படுவா." பஸ் வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். "அதெல்லாம் நான் எதுக்கு அவனுக்குக் கொடுக்கணும்?"